கெட்டிமேளத்துக்கு முன் இரண்டு நிமிடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தை அடுத்த ஒரு திருமண மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் நான் எடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் ஒன்றுகூட ஆல்பத்தில் வைக்கும் தரத்தில் அமையவில்லை. மணமக்களின் முகங்களுக்குக் குறுக்கே வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் ஓடியிருந்தன. முந்தைய நாள் மாலை வரவேற்பில் வீணைக் கச்சேரி நடந்தபோது, ஷட்டரின் சத்தம் இடையூறாக இருக்கக் கூடாதென்று கேமராவை எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றியிருந்தேன்; காலையில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். மேடையில் வெளிச்சம் போதுமானதாக இருந்ததால் பிளாஷும் போடவில்லை. போட்டிருந்தால், எலக்ட்ரானிக் ஷட்டரில் அது எரியாததைக் கண்டாவது தவறு அப்போதே தெரிந்திருக்கும்.

நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதால், மண்டபங்களில் உள்ள பல எல்இடி விளக்குகளும் குழல் விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. எலக்ட்ரானிக் ஷட்டரோ, ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. ஒரு கேமராவுக்கு முழுச் சட்டகத்தையும் படித்து முடிக்க 1/20 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கிவிடும். வேகமான ஷட்டரில் எடுத்த படத்தில் ஐந்து கரும்பட்டைகள் விழும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால், ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்புகளின் ஒளியைப் பெறுவதால் இந்தப் பட்டைகள் மறையும். இவை அனைத்தையும் அதற்கு முந்தைய மாதந்தான், என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்களுக்குப் பாடமாக நடத்தியிருந்தேன் என்பதை வெட்கத்துடன் சொல்கிறேன்.

அறியாமையால் படங்களை இழக்கும் காலம் தொழிலின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் நாம் இழப்பதெல்லாம், நன்கு தெரிந்த ஒன்றைச் சரிபார்க்காமல் விட்டதால்தான். தை, ஆவணி மாதங்களில் அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்கு இடையே மூன்று மணி நேரத் தூக்கத்தோடு பயணம் செய்யும்போது, கை தானாக வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வலுக்கிறது. ஆனால் கை நேற்றைய அமைப்பைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

ஒளி அளவீட்டிலும் இதே கதைதான். எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே கேமராவின் மீட்டர் கணக்கிடுகிறது. வெள்ளைப் பட்டு வேட்டியும் சட்டையும் சட்டகத்தை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் குறைத்து மாப்பிள்ளையின் முகத்தைக் கறுக்கச் செய்யும். அரக்கு நிறக் கூறைப்புடவை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டி, சரிகையையும் நெற்றிச்சுட்டியையும் வெளிறச் செய்யும். புதிய கேமராக்கள் முகத்தை அடையாளம் கண்டு இதை ஓரளவு ஈடுசெய்கின்றன. எனினும் ஹோமப் புகை எழும்பி, முகத்தின் பாதியை மாலை மறைக்கும் நேரத்தில் அவையும் தடுமாறுகின்றன. ஆகவே முகூர்த்த மேடையில் வெளிச்சம் மாறாத வரையில் நான் ஒளி அளவைக் கையால் நிர்ணயிக்கும் மேனுவலில்தான் எடுக்கிறேன். மணமக்கள் வந்து அமர்ந்ததும் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, வேட்டியின் மடிப்புகள் தெரியும் அளவுக்கு ஒளியை நிறுத்திவிடுவேன். பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று: கறுத்த முகத்தை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலிருந்து ஓரளவு மீட்கலாம், முற்றிலும் வெளுத்துப்போன வேட்டியில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.

கெட்டிமேளம் ஒலித்த பின் எதையும் திருத்த நேரம் இல்லை. மூன்று முடிச்சும் சில நொடிகளில் முடிந்துவிடும், உறவினர்கள் எழுந்து நிற்பார்கள், அட்சதை பறக்கும், எங்கிருந்தோ ஒரு கைபேசி சட்டகத்துக்குள் நீளும். அதனால் அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களில் என் உதவியாளர் ஷட்டரின் வகை, வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), கார்டில் மீதமுள்ள இடம், பேட்டரி அளவு ஆகியவற்றைக் குரல் விட்டுக் கேட்பார். நான் திரையைப் பார்த்துப் பதில் சொல்வேன். தொடக்கத்தில் இது எனக்கே சற்று நாடகமாகத்தான் தோன்றியது. மனத்துக்குள் சரிபார்த்துக்கொள்ளும்போது 'சரி' என்று சொல்லி நகர்ந்துவிடும் பழக்கம், வாய்விட்டு எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும்போது நின்றுவிடுகிறது.

கார்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிவு, வீடு திரும்பியதும் இரண்டு தனித்தனி டிஸ்குகளில் நகல், அவற்றைத் திறந்து பார்த்த பின்பே ஃபார்மேட். எல்லாக் கேமராக்களின் கடிகாரங்களையும் ஒன்றாக வைப்பதை மட்டும் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். மூவர் எடுத்த மூவாயிரம் படங்களை வரிசைப்படுத்த ஓர் இரவு உட்கார்ந்தால் அதன் அருமை புரியும்.

முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியையும் ஓர் அரக்குப் புடவையையும் அருகருகே காயப்போட்டு, மீட்டர் சொல்வதை முதலில் நானே ஊகித்து, பிறகு கேமராவில் பார்க்கிறேன். சென்ற ஆடியில் முதல் நாள் ஊகம் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியில் இரு மடங்கு அல்லது பாதி அளவு, தவறியது.