சிமுலேஷன்: ஒத்திருக்க வேண்டியது எது?

'ஒத்த' என்று பொருள்படும் 'சிமிலிஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது சிமுலேஷன். ஆங்கிலத்தில் நெடுங்காலம் அதற்குப் பாசாங்கு என்பதே பொருள். பயிற்சிக்காக ஒன்றைப் போல இன்னொன்றை அமைப்பது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. செவிலியர் கல்வியில் அந்த வழக்கம் சொல்லின் இப்பொருளுக்கும் மூத்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்கு 1911இல் பொம்மை செய்பவரான மார்த்தா சேஸ் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 'மிஸஸ் சேஸ்' என்ற அந்தப் பொம்மையை வைத்துத்தான் மாணவிகள் நோயாளியைப் புரட்டவும் உடை மாற்றவும் பழகினார்கள்.

சிமுலேஷனைத் தமிழில் 'உருவகப்படுத்துதல்' என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அணியிலக்கணம்தான் நினைவுக்கு வரும். 'பாவனை' என்றால் இலங்கையில் பயன்பாடு. 'போலச்செய்தல்' நெருங்கி வந்தாலும் செவிலியரே நடிப்பதுபோல் ஆகிவிடுகிறது. உண்மையில் ஒத்திருப்பது சூழல் மட்டுமே. இதய இயக்க மீட்புப் (சி.பி.ஆர்.) பயிற்சியில் பொம்மையின் மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தும் கை மெய்யாகவே அழுத்துகிறது. ஆகவே 'ஒப்புச்சூழல் பயிற்சி' என்பதே பொருத்தம்.

மதிப்பிடும்போதும் இந்த வேறுபாடு முக்கியம். "கை கழுவிட்டேன் மேடம்" என்று வாயால் சொன்னதற்கே மதிப்பெண் போடும் இடங்கள் உண்டு. அங்கே செயலும் பாசாங்காகிவிடுகிறது. கழுவினால்தான் மதிப்பெண், மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டையில் பெயரையும் பதிவு எண்ணையும் பார்த்தால்தான் மதிப்பெண்.

பயிற்சித் திட்டங்களை எடைபோட அமெரிக்கக் கல்வியாளர் கிர்க்பாட்ரிக்கின் நான்கு படிகள் பரவலாகப் பயன்படுகின்றன: மாணவரின் கருத்து, கற்றது, பணியிடத்தில் நடத்தை, நோயாளிக்குக் கிடைத்த பலன். பெரும்பாலான கல்லூரிகள் "பயிற்சி பிடித்திருந்ததா?" என்ற படிவத்தோடு நின்றுவிடுகின்றன. பிடித்திருந்தது என்பதால் கற்றுக்கொண்டார் என்று ஆகாது.

இரண்டாம் படியை அளக்க, 'செய்தார்–செய்யவில்லை' என்று குறிக்கும் பட்டியல் மட்டும் போதாது. நோயாளியின் நிலை சரிவதை எப்போது கவனித்தார், அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதெல்லாம் அதில் விழாது. அதற்கு, நோயாளியின் நிலையைச் செவிலியர் கணித்து முடிவெடுக்கும் திறனை அளக்கும் லாசட்டர் அளவுகோல் உதவும். கவனித்தல், பொருள்கொள்ளல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என நான்கு பிரிவுகளில் 11 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். கற்பித்தவரே தனியாக மதிப்பெண் இட்டால் சாய்வு வரும். இருவர் பயிற்சியின் காணொளியைத் தனித்தனியே பார்த்து மதிப்பெண் இட்டு, பெரிதாக வேறுபடும் கூறுகளின் வரையறையை முதலில் திருத்த வேண்டும். பயிற்சி முடிந்த அன்றே வைக்கும் தேர்வு நினைவைத்தான் காட்டும். இதய இயக்க மீட்புத் திறன் சில மாதங்களிலேயே மங்குவதால் மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் 10 செவிலியர் பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை ஒப்புச்சூழலுக்கு மாற்றினாலும் உரிமத் தேர்வு முடிவுகள் குறையவில்லை என்று காட்டியது. இதை மேற்கோள் காட்டுவோர் அதன் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். அங்கே பயிற்றுநர்கள் முறையாகப் பயின்றவர்கள். ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் கட்டமைப்போடு கூடிய கலந்துரையாடல் நடந்தது. பொம்மையை மட்டும் வாங்கி வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.