அவசரப்பட்டு ‘மெங்காகு சாலா’ (குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன்) சொல்லிவிடாதீர்கள்

மலேசியாவில், கட்டாமல் விட்ட சமனோ (போக்குவரத்து அபராத நோட்டீசோ), விபத்துக்குப் பிறகு கவனக்குறைவாக ஓட்டியதாக 43-ஆம் பிரிவில் வரும் குற்றச்சாட்டோ, இரண்டும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும். சட்டம் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். பின்னணி இவ்வளவு போதும்.

லோரி ஓட்டும் ஓர் அண்ணனோடு துணைக்குப் போயிருந்தேன். குற்றச்சாட்டை மலாயில் மடமடவென்று வாசித்தார்கள், பக்கத்தில் நின்ற ஒருவர் “ஒத்துக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும், இல்லாவிட்டால் நாலைந்து தடவை அலையணும்” என்றார், ஒரு நாள் லோரி எடுக்காவிட்டால் அன்றைக்குச் சம்பளமில்லை என்பதால் அவரும் ஒத்துக்கொண்டார். அபராதத்தோடு லைசன்சும் போனது. வெளியே வந்துதான் கேட்கிறார், “சிவப்பு விளக்கில் வந்தது அவன்தானே தம்பி?”

அந்த ஒரு வரியை உள்ளே சொல்லியிருக்க வேண்டும். “தப்புதான், ஆனால் அவன்தான் சிவப்பில் வந்தான்” என்பது முழுமையான ஒப்புதல் ஆகாது, அதை மாஜிஸ்திரேட் ஏற்கக் கூடாது. ஒப்புக்கொள்பவருக்கு அதன் விளைவு புரிகிறதா என்று உறுதிசெய்வதும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தின் கடமை. மலாய் சரியாகப் புரியாதா? உடனே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கடைத்தெரு மலாய் தெரிந்தால் போதும் என்று நினைத்துத் தலையாட்டாதீர்கள்.

ஒப்புக்கொண்ட பிறகு ‘நான் செய்யவில்லை’ என்று மேல்முறையீடு செய்ய முடியாது. அதே நடைமுறைச் சட்டத்தின் 305-ஆம் பிரிவு தண்டனையைப் பற்றி மட்டுமே முறையிட விடும், அதற்கும் 14 நாள்தான்.

மறுத்தால் ஜாமீன் கேட்கலாம். ஜாமீன் நிற்க ஆளில்லை என்பதற்காகவே ஒப்புக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். சொந்தக்காரர் ஒருவரை ஐ.சி.யோடு (அடையாள அட்டையோடு) கூட்டிப்போங்கள். அப்புறம், போலீஸ் புகாரின் நகலையும் அரசுத் தரப்பு காட்டப்போகும் ஆவணங்களையும் விசாரணை தொடங்கும் முன்பே உங்களுக்குத் தர வேண்டும், அது அதே நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவு. “அடுத்த தடவை வாங்க” என்றால் மாஜிஸ்திரேட் முன்னாலேயே எழுந்து சொல்லுங்கள், கவுண்டரில் கெஞ்ச வேண்டியதில்லை.

‘சின்ன கேஸ், வக்கீல் எதுக்கு’ என்பார்கள். சின்ன கேசிலும் வக்கீல் வைத்துக்கொள்ள அரசியலமைப்பின் 5(3)-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பணமில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. வருமானத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். நாள்கூலிக்கு ஓட்டுகிறவர்களிடம் சம்பளச் சீட்டு ஏது? முதலாளியிடம் ஒரு கடிதமாவது முன்கூட்டியே வாங்கி வையுங்கள், விசாரணை நாள் காலையில் போய் உதவி கேட்டு நின்றால் எந்த வக்கீலும் வர மாட்டார்.

தேதியைத் தவறவிட்டால் வாரண்டு வரும். உடம்பு சரியில்லையா, வேலைக்குக் காட்டும் சாதாரண எம்.சி.யை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) நம்பாதீர்கள், நீதிமன்றத்துக்கு வர இயலாது என்றே டாக்டரிடம் எழுதி வாங்கி, அன்று காலையே யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.