பனியில் கரையாத விண்கலம்

போன மாதம் இரண்டு பையன்கள் கோத்தகிரியில் என் வீட்டுக்கு ஒரு பென்டிரைவோடு வந்தார்கள். ஒருவன் கல்லூரியில் இரண்டாம் வருடம், இன்னொருவன் மொபைல் கடையில் வேலை பார்க்கிறவன். "அக்கா, ஷார்ட் ஃபிலிம் முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு ஷாட் மட்டும் பார்த்துக் குடுங்க. சின்ன வேலைதான்" என்றார்கள்.

சென்னையில் பதினோரு வருடம் காம்பாசிட்டிங், அதாவது தனித்தனிப் படங்களை ஒரே ஷாட்டாக இணைக்கிற வேலை, செய்துவிட்டு மலைக்குத் திரும்பியவள் நான். யாராவது "சின்ன வேலைதான்" என்று சொன்னால் முதலில் டீத்தண்ணி வைத்துவிடுவேன். எப்படியும் நேரம் ஆகும்.

ஷாட்டைப் போட்டுப் பார்த்தேன். தேயிலைச் சரிவு, எதிர் மலையில் மிஸ்ட் என்கிற மூடுபனி, அதற்கு நடுவே ஒரு விண்கலம் இறங்குகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அவர்களே செய்த மாடல். உண்மையாகவே நன்றாக இருந்தது. துருப்பிடித்த தகடு, திருகாணி, அடிப்பக்கம் கரி படிந்த புகைபோக்கி எல்லாம் இருந்தன. ஆனால் படத்தோடு ஒட்டவில்லை. வேன் கண்ணாடியில் சாமி ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தனியாக நின்றது.

"எங்க தப்புன்னே தெரியலக்கா. நாலு நாள் ரெண்டர் போட்டோம்." ரெண்டர் என்றால், செய்த மாடலைக் கணினி ஒவ்வொரு படமாக வரைந்து தருவது.

மவுஸை எதிர் மலையின் இருட்டான இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். கணினியில் முழுக் கருப்பு என்றால் 0, முழு வெள்ளை என்றால் 255. மலையின் மிக இருண்ட மரக்கூட்டத்தில் எண் 90-க்குக் கீழே இறங்கவே இல்லை. அடுத்து விண்கலத்தின் அடிப்பக்கம்: எண் 6. மலைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் கலம், மலையைவிடக் கறுப்பாக இருக்கிறது. பார்க்கிறவருக்கு இந்த எண்ணெல்லாம் தெரியாது. ஆனால் மலையில் வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பொய் உடனே தெரிந்துவிடும். தூரம் போகப் போகக் கறுப்பு வெளுக்கும் என்பதைத் தினமும் பள்ளிக்கூட பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

குறைந்த செலவில் எடுத்த அறிவியல் புனைவுக் குறும்படங்களில் கலம் தன்னைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாடல் செய்யத் தெரியாமல் தோற்றவர்களைவிட, கறுப்பைக் கவனிக்காமல் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதற்குக் காசும் வேண்டாம். பிளெண்டரில் மிஸ்ட் பாஸ் என்றே ஒரு வசதி இருக்கிறது. கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு வெளுப்பாக ஒவ்வொரு புள்ளியையும் தனிப் படமாகத் தரும். அதை வைத்துக் கலத்தின் மேல் பனியின் நிறத்தை ஏற்றலாம். அந்த நிறத்தை நீங்களாக யோசிக்காதீர்கள், எடுத்த படத்திலிருந்தே எடுங்கள். காலை ஏழு மணி மிஸ்டில் நீலம் கலந்திருக்கும். நாலு மணி வெயில் பட்ட மிஸ்ட் பாலில் கொஞ்சம் டிகாஷன் விட்டதுபோல் இருக்கும். அப்புறம் கேமரா எடுத்த படத்தில் பொடிப்பொடியாகத் துடிக்கிற புள்ளி இரைச்சலையும் கலத்தின் மேல் தூவ வேண்டும். சுற்றிலும் படம் பொரிந்துகொண்டிருக்க, கலம் மட்டும் கழுவி வைத்த சில்வர் தட்டுபோல் இருக்கக் கூடாது.

ஃபெடே ஆல்வாரெஸ் என்ற உருகுவே நாட்டுக்காரர் 2009-இல் 'பானிக் அட்டாக்' என்று ஐந்து நிமிடம்கூட இல்லாத ஒரு படத்தை யூடியூபில் போட்டார். மான்டிவிடியோ நகரத்தின் மேல் ராட்சத ரோபோக்கள் வருகின்றன. செலவு 300 டாலர் என்றார்கள், ஹாலிவுட் வாசல் திறந்தது. 300 டாலர் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு என்னிடம் பேச வருபவர்கள் நிறைய. அவர் அதற்கு முன்பே விளம்பரப் படங்களில் கை தேர்ந்தவர். அவருடைய உழைப்புக்கு அந்தக் கணக்கில் விலை போடவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது வேறு: ரோபோக்கள் மூடுபனிக்குள்ளிருந்துதான் வருகின்றன. பனி பாதியை மறைக்கும், மீதியைப் பார்க்கிறவரின் பயம் நிரப்பிக்கொள்ளும். அந்தப் பனி நமக்கு வருடத்தில் பாதி நாள் வாசலிலேயே கிடக்கிறது.

ஆனால் அதற்கும் காலம் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம்தான் கொட்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பர்தான் கனமான காலம். எங்கே எடுக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டு மாதத்தைத் தேடாதீர்கள், மாதத்தைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

பனியில் மொபைல் கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் பைத்தியம் பிடித்ததுபோல் முன்னும் பின்னும் போகும், பிடித்து நிறுத்த அதற்கு எதுவும் கிடைக்காது. ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்சத்தின் அளவு), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் கொஞ்சம் இழுத்து வளைத்து ஆட்டத்தை மறைக்கிறது. கண்ணுக்கு இதம், கேமராவின் அசைவைப் பின்தொடர்கிற டிராக்கிங் மென்பொருளுக்கு விஷம். கலம் மலை மேல் நிலையாக நிற்காமல் வழுக்கிக்கொண்டே போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். மீதி நேரம் காரணம் தேயிலைச் செடி. டிராக்கிங்குக்கு அசையாத புள்ளி வேண்டும், செடியின் கொழுந்து காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். ஃபிரேமுக்குள் ஒரு பாறை, இரண்டு சில்வர் ஓக் மரத்தின் அடிமரம் வருகிற மாதிரி நின்றால் போதும்.

ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க அவருக்குப் பின்னால் கட்டுகிற பச்சைத் துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்துக்குப் பச்சைத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். சுற்றிலும் பச்சை, முகத்திலும் கழுத்திலும் எதிரொளிக்கிற பச்சை. துணியை நீக்கும்போது ஆளின் காதும் சேர்ந்து போய்விடும். நீலத் துணி தேவலாம். ஆனால் மொபைல் வீடியோவில் நிறத்தின் விவரம் வெளிச்சத்தின் விவரத்தில் கால் பங்குதான் பதிவாகிறது, அதனால் எந்தத் துணியானாலும் முடியின் ஓரம் படிக்கட்டுபோல் வெட்டுப்படும். என்னைக் கேட்டால் துணியே வேண்டாம். அடர்ந்த மிஸ்டுக்கு முன்னால் ஆளை நிறுத்துங்கள். வெள்ளைப் பின்னணியில் கருத்த உருவம், பிரித்தெடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

அந்தப் பையன்களிடம் சமையலறையிலிருந்து ஒரு குழிக்கரண்டியை எடுத்து வந்து கொடுத்தேன். ஒருவன் சிரித்தான். சாம்பார் ஊற்றுகிற எவர்சில்வர் கரண்டிதான். பளபளப்பாகத் துலக்கி, குழிந்த பக்கத்தைக் கீழே திருப்பி, கலம் வரப்போகிற திசையில் கேமராவுக்கு முன்னால் பிடித்தால், வானம் எங்கே வெளுத்திருக்கிறது, எந்தப் பக்கம் மலை மறைக்கிறது, சூரியன் எந்த மேகத்துக்குப் பின்னால் நிற்கிறது என்று சுற்றுவெளி முழுக்க அதில் தெரியும். பெரிய படங்களில் இதையே வெள்ளிக் குண்டு என்று தனியாக வைத்து எடுப்பார்கள். பத்து விநாடி அதையும் ரெக்கார்டு செய்துகொண்டு வந்தால், கணினியில் விளக்கை எங்கே வைப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. பிறகு எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு வெறும் இடத்தை மட்டும் ஒரு ஷாட், அதுதான் கிளீன் பிளேட். அதை உடனே எடுக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து எடுக்கலாம் என்றால், இந்த மலையில் ஐந்து நிமிடத்தில் அது வேறு மலை ஆகிவிடும்.

எல்லாவற்றையும் கணினியில்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? தெர்மாகோலும் பழைய மதர்போர்டும் பவுடர் டப்பாவும் வைத்துச் செய்த சின்ன மாடல் மொபைல் கேமராவில் அற்புதமாக வரும். மொபைலின் சென்சார் சின்னது, பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாகவே தெளிவாகத் தெரியும். மற்ற நேரத்தில் குறையாகச் சொல்வது இங்கே வரம். இதில் ஒரு கணக்கு உண்டு. நிஜத்தில் 25-இல் ஒரு பங்கு அளவுக்கு மாடல் செய்தால், அது விழுவதையும் நொறுங்குவதையும் 5 மடங்கு வேகத்தில் எடுக்க வேண்டும், அளவின் வர்க்கமூலம்தான் வேகம். சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம். அதை 5-ஆல் பெருக்கினால் 120 ஃபிரேம். உங்கள் மொபைலிலேயே அந்த ஸ்லோமோஷன் இருக்கிறது. அதை 24-இல் ஓட்டிப் பாருங்கள், பவுடர் டப்பாவுக்கு டன் கணக்கில் எடை வந்துவிடும்.

ரெண்டர் நேரத்தையும் எழுதும்போதே கணக்குப் போடுங்கள். ஐந்து விநாடி என்றால் 120 ஃபிரேம். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 20 மணி நேரம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். வீடியோவாக ரெண்டர் போடாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமித்தால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மென்பொருளைத் திருட்டாக இறக்காதீர்கள். கிராக் போட்ட ஒரு மென்பொருளால் எனக்குத் தெரிந்த ஒருவரின் ஹார்ட்டிஸ்க் முழுக்கப் பூட்டிக்கொண்டது. மூன்று நாள் ஷூட்டிங் போச்சு. பிளெண்டர் முழுக்க இலவசம். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் 'ஃப்ளோ' அதில்தான் செய்யப்பட்டது. காம்பாசிட்டிங்குக்கும் நிறம் பார்ப்பதற்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும்.

இந்த மலையில் அறிவியல் புனைவுக்குக் கதையைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-இலிருந்து ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம் ஊரின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம். அதே அளவு சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதைக் கட்டினார் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். அப்படி இருந்தால் ஒரே அச்சில் சுழற்றிக்கொண்டே வானத்தில் ஒரு புள்ளியை மணிக்கணக்காகத் தொடரலாம். ஒரு விண்பொருளைச் சந்திரன் மறைக்கும் நொடிக்காகக் காத்திருந்து அதை அளந்தார்கள். இதைவிட நல்ல முதல் காட்சி எனக்குத் தோன்றவில்லை. தொலைநோக்கியைத் தாங்கும் பரவளைவுச் சட்டகங்கள் மொத்தம் 24, நம் சினிமாவுக்கும் விநாடிக்கு அதே எண் என்பது சும்மா ஒரு சந்தோஷம்.

ஆனால் அனுமதி இல்லாமல் அந்த வளாகத்துக்குள் போகவோ, அதன் மேல் டிரோன் விடவோ நினைக்காதீர்கள். விண்ணிலிருந்து வரும் மிக மெல்லிய அலையைக் கேட்கிற கருவிக்கு உங்கள் ரிமோட் ஒரு லவுட் ஸ்பீக்கர். பொதுவாகவே நீலகிரியில் டிரோனை எடுப்பதற்கு முன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். 250 கிராம் வரை உள்ள டிரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மை. அதற்காக எங்கும் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, முதுமலையில் புலிகள் காப்பகம். சோலைக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், கேட்காமல் போனால்தான் வம்பு.

புகைக்குண்டு கொளுத்தாதீர்கள், முக்கியமாக ஜனவரியிலிருந்து மார்ச் வரை. உறைபனியில் கருகிய புல் தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். விடியலிலும் அந்தியிலும்தான் வெளிச்சம் அழகு. காட்டுமாடும் கரடியும் நடமாடுகிற நேரமும் அதுதான். ஹெட்ஃபோன் மாட்டிய சவுண்டுக்காரருக்கு முதுகுப் பக்கம் பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் பழகுவதற்காகச் செய்த ஒரு ஷாட்டை நண்பர்கள் குழுவில் போட்டேன். மலை விளிம்பில் மூன்று விளக்குகள் நகரும், அவ்வளவுதான். யாரோ ஓரத்தை வெட்டி, 'கோடநாடு பக்கம் பறக்கும் தட்டு' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி இரண்டாம் நாள் என் அம்மாவுக்கே வந்தது. "பாப்பா, நைட் வெளிய போகாத" என்று எனக்கு ஃபோன். சிரித்தேன், ஆனால் அதில் ஒரு சிறுத்தையைப் போட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் நின்றிருப்பார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது சோதனை ஷாட்டாக இருந்தாலும் நடுவிலேயே பெரிதாக 'கிராஃபிக்ஸ்' என்று எழுதாமல் யாருக்கும் அனுப்புவதில்லை. ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள்.

பையன்கள் போன ஞாயிறு அதே சரிவில் மறுபடி எடுத்தார்கள். காலை ஆறு மணிக்குக் கூட நானும் போனேன். ஃபோகஸைப் பூட்டினார்கள், கரண்டியைப் பிடித்தார்கள், நடித்த பெண் முகத்தில் கலத்தின் வெளிச்சத்துக்காக டார்ச்சுக்கு பட்டர் பேப்பர் கட்டினார்கள். மிஸ்ட் சொன்னபடி வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ச் சரிவிலிருந்து ஒரு காட்டுமாடு ஏறி வந்து, ஃபிரேமுக்குக் குறுக்கே, சில்வர் ஓக்குக்கு முன்னால், யாரையும் சட்டை செய்யாமல் நடந்து போனது. யாரும் மூச்சு விடவில்லை. அது போன பிறகு எடுத்த நான்கு டேக்கும் சுத்தமாக இருந்தன.

அவர்களுக்கு அந்த முதல் டேக்தான் வேண்டுமாம். கலம் மாட்டுக்குப் பின்னால் இறங்க வேண்டுமாம். நான்கு விநாடி, 96 ஃபிரேம். இப்போது அந்தத் திமிலின் ஓரத்தை ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்துகொண்டிருக்கிறேன், 41-இல் நிற்கிறது.