ஃபர்லோ என்றால் பணியிடை நீக்கமா?

போன வாரம் இங்கே லண்டனில் ஒரு தமிழ் வானொலி நிகழ்ச்சியில், கோவிட் காலத்தில் பிரித்தானியாவில் "லட்சக்கணக்கானோர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்" என்றார் ஒருவர். கடை மூடிய காலத்தில் ஆளை வேலையிலிருந்து எடுக்காமல், அரசு பணத்தில் சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கவைத்த ஏற்பாட்டை ஆங்கிலத்தில் ஃபர்லோ (furlough) என்றார்கள். அந்தச் சொல்லுக்கு அவர் வைத்த தமிழ் அது. 2020இலிருந்து இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சொல்லின் பிறப்பு சுலபம். டச்சு மொழியின் 'வெர்லோஃப்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அனுமதி, விடுப்பு என்று பொருள். படைவீரன் ஊருக்குப் போக வாங்கும் விடுப்புக்கு வழங்கியது. நம் 'விடை' போலத்தான்: விடைகொடு, விடைபெறு. விடைபெற்றுப் போன வீரனின் பெயர் படைப்பதிவில் அப்படியே இருக்கும். சொல்லுக்கு உயிர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

2020 மார்ச் 20 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக் அறிவித்த திட்டமும் இதே கருத்தில் நின்றது. கடை மூடினாலும் ஆளை வேலையிலிருந்து எடுக்காதே, சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசு தருகிறது என்றார்கள். 2021 செப்டம்பர் 30இல் முடிவதற்குள் 1 கோடியே 17 லட்சம் வேலைகள் இதில் வந்துபோயின.

சரி, இதைப் பணியிடை நீக்கம் என்றால் என்ன ஆகிறது? தமிழ்நாட்டில் அந்தச் சொல் லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அதிகாரிக்கு உரியது. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று அர்த்தம். ஈழத்தவர் சொல்லும் 'இடைநிறுத்தம்' என்பதிலும் அதே கறை உண்டு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்த அக்கா ஒருவருக்கு முதலாளியிடமிருந்து ஃபர்லோ கடிதம் வந்தது. யாரோ அதை 'இடைநிறுத்தம்' என்று வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஃபோன் எடுத்து, "தம்பி, நான் என்ன பிழை செய்தனான்? ஏன் என்னை நிப்பாட்டினவை?" என்று அழுதார். அவர் வேலை அப்படியேதான் இருந்தது. அதைப் புரியவைக்க எனக்கு அரை மணிநேரம் பிடித்தது.

'ஊதியமில்லாக் கட்டாய விடுப்பு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசு முடங்கும்போது ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அந்த ஃபர்லோவுக்கு இது ஓரளவு சரி. பிரித்தானியத் திட்டத்தின் உயிரே ஊதியம்தான். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து எந்த நாட்டுச் செய்திக்கும் ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது. சம்பளச் சீட்டை ஒருமுறை பார்த்திருந்தாலே அந்த 'ஊதியமில்லா' விழுந்திருக்கும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது ஃபர்லோ பணத்தை 'அரசு உதவித்தொகை' என்று எழுதுவதன் மேல். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விசாவில் இருப்பவர்களைப் பயமுறுத்தும் சொல் அது. அரசின் பொது நிதி உதவி எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பலர் இங்கே இருக்கிறார்கள். ஃபர்லோ பணம் அந்தக் கணக்கில் வராது, எந்த விசாவில் இருப்பவருக்கும் தரலாம் என்று அரசின் வழிகாட்டுதலே சொன்னது. அதை 'உதவித்தொகை' என்று கேட்ட ஒருவர், விசா போய்விடுமோ என்று பயந்து கையெழுத்துப் போடாமல் இருந்தால் பொறுப்பு யாருக்கு?

நான் எழுதுவது 'பணிக்காப்பு விடுப்பு'. திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் வேலையைத் தக்கவைப்பது என்ற கருத்துதான் இருந்தது. 'காப்பு' என்றால் ஏதோ உரிமை மாதிரி ஒலிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும், தொழிலாளி தானாகக் கேட்டுப் பெற வழியில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தில் இருந்தவருக்கு 80 சதவீதம் என்பது அந்தக் கோட்டுக்கும் கீழே. அது அரைகுறைக் காப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வேலை கையில் இருந்தது என்ற செய்தியை இந்தச் சொல் சொல்கிறது. பிடிக்காவிட்டால் 'ஃபர்லோ' என்றே எழுதுங்கள். தமிழாக இருக்கிறது என்பதற்காகத் தப்பான சொல்லைத் தூக்கி வைக்கத் தேவையில்லை.

'நீக்கம்' என்ற சொல்லுக்கு உரியவர்கள் வேறே இருந்தார்கள். சம்பளப் பதிவில் பெயரே இல்லாமல், வாரக் கடைசியில் கையில் காசாக வாங்கிக்கொண்டு கடைகளிலும் சமையலறைகளிலும் நின்றவர்கள். அவர்களுக்கு 80 சதவீதமும் இல்லை, கடிதமும் இல்லை. ஷட்டர் இறங்கிய அன்றே அவர்களுடைய வேலை போய்விட்டது.