கனமா இருந்தா ஸ்ட்ராங்னு யார் சொன்னது? 1.7 கிலோ நாற்காலி செஞ்ச ஜியோ பொன்ட்டியும் நம்ம டைனிங் டேபிளும்

கனமான சேரால இந்த வருஷத்துல நான் பார்க்குற மூணாவது கேஸ் இது, அதனாலதான் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து இதை டைப் பண்றேன்.

நான் பதினேழு வருஷமா இன்டீரியர் வேலை பண்றேன். போன வாரம் பழைய கிளையன்ட் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன், அவங்க அம்மாவுக்கு 74 வயசு, கையில மாவுக்கட்டு. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, "சாப்பிட உக்காரலாம்னு நாற்காலிய இழுத்தேம்மா, அது வரல, நான் விழுந்துட்டேன்"னாங்க. புதுசா வாங்கின ஆறு சேர். கடையில 'இத்தாலியன் டிசைன்'னு சொல்லி வித்திருக்காங்க, தங்கக் கலர் ஓரம், தடிதடியா கால், குஷன் மேல பட்டன் பட்டனா தையல். பாத்ரூம்ல இருந்த வெயிட் மெஷினை எடுத்துட்டு வந்து ஒரு சேரை வச்சுப் பார்த்தேன், 11 கிலோ. பையன் பக்கத்துல நின்னு ரொம்ப வருத்தமா சொல்றார், "மேடம், நல்ல வெயிட்டா இருக்கான்னு தூக்கிப் பார்த்துதான் வாங்கினேன், லைட்டா இருந்தா ஒடஞ்சிடும்ல?"

அவரைத் திட்ட எனக்கு மனசு வரல, அம்மா மேல உள்ள அக்கறையிலதான் அப்படித் தேடி வாங்கியிருக்கார். ஆனா 'இத்தாலியன்'னு சொல்லி அதை வித்தாங்க பாருங்க, அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. ஏன்னா நாற்காலியோட கனத்தைக் குறைக்கணும்னு வருஷக்கணக்கா மெனக்கெட்ட ஒரு மனுஷன் அந்த இத்தாலியிலதான் இருந்தார்.

ஜியோ பொன்ட்டி. 1891ல மிலான்ல பொறந்தவர். முதல் உலகப் போருக்குப் போயிட்டு வந்து, 1921லதான் ஆர்க்கிடெக்சர் முடிச்சார், அப்போ வயசு கிட்டத்தட்ட முப்பது. படிச்சு முடிச்சதும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கட்டடம் இல்லை, பீங்கான். ரிச்சர்ட் ஜினோரிங்கிற பழைய பீங்கான் கம்பெனிக்கு 1923லேர்ந்து ஆர்ட் டைரக்டரா இருந்தார், 1925 பாரிஸ் கண்காட்சியில அந்தப் பீங்கானுக்கு பெரிய பரிசு கிடைச்சுது. 1928ல டோமுஸ்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார், நடுவுல சில வருஷம் விட்டுட்டாலும் சாகுற வரைக்கும் அதுதான் அவரோட குரல், இன்னைக்கும் வருது. அதே காலத்துல லா ரினஷென்டேங்கிற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்காக சாதாரண குடும்பங்கள் வாங்குற விலையில ஃபர்னிச்சர் வரிசையும் பண்ணினார். இதை ஏன் சொல்றேன்னா, 'இத்தாலியன்'னா பணக்காரங்களுக்கான பளபளப்புன்னு நினைக்கிறோமே, அங்கே பெரிய ஆளா இருந்த ஒருத்தர் இருபதுகள்லயே சாதாரண வீட்டுக்கு நல்ல நாற்காலி எப்படிப் போய்ச் சேரும்னு யோசிச்சிருக்கார்.

சரி, அந்த நாற்காலிக்கு வர்றேன்.

வடமேற்கு இத்தாலியில கடலோரமா கியாவரின்னு ஒரு ஊர். 1807ல அங்க தெஸ்கால்சின்னு ஒரு தச்சர் மெல்லிசா, லேசா ஒரு நாற்காலி செஞ்சார், அப்புறம் அந்த ஊரே அதைச் செய்ய ஆரம்பிச்சுது. கல்யாண ரிசப்ஷன்ல தங்கக் கலர்ல குச்சி குச்சியா முதுகு வச்ச சேர் வரிசையா போட்டிருப்பாங்களே, அதுக்கு அந்த ஊர் பேர்தான். பொன்ட்டி இந்த ஊர்ப்புற நாற்காலியைத்தான் எடுத்துக்கிட்டார். புதுசா எதையாவது கண்டுபிடிச்சுக் காட்டணும்னு அவர் அலையல, நூறு வருஷத்துக்கு மேல ஜனங்க உக்காந்து பழகின ஒரு பொருளை எடுத்து, இதுல இன்னும் எதைக் குறைக்கலாம்னு பார்த்தார். மிலான் பக்கத்துல மேதாங்கிற ஊர்ல இருந்த கசினா கம்பெனி அதைத் தயாரிச்சுது. அம்பதுகள் ஆரம்பத்துல முதல்ல 'லெஜ்ஜேரா' வந்துச்சு, லேசானதுன்னு அர்த்தம். அவருக்கு அது பத்தல. திரும்பச் சீவினார். 1957ல 'சூப்பர்லெஜ்ஜேரா' வந்தப்போ அவருக்கு 65 வயசு.

ஒரு நாற்காலியோட எடை 1.7 கிலோ. அந்த அம்மா வீட்டு சேர் ஒண்ணு இருக்குற கனத்துல இது ஆறு வந்துடும். மரம் ஆஷ், ஐரோப்பாவுல கோடாலிப் பிடி, மண்வெட்டிப் பிடிக்குப் போடுற மரம், நார் நீளமா ஓடும், அடி வாங்கினா வளைஞ்சு கொடுக்கும். காலைக் குறுக்கால வெட்டிப் பார்த்தா முக்கோணம், ஒரு பக்கம் 18 மில்லிமீட்டர்தான், உங்க சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். இருக்கை பிரம்புப் பின்னல். பிரம்புக்கு இத்தாலியன்ல பேரே 'இந்தியக் கோரை'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'கன்னா த இந்தியா'தான். கசினா விளம்பரத்துல ஒரு சின்னப் பையன் ஒத்த விரல்ல அந்த நாற்காலியைத் தூக்கிக் காட்டுவான். நாலாவது மாடியிலேர்ந்து கீழ போட்டுப் பார்த்தாங்க, பந்து மாதிரி எகிறுச்சு, ஒடையலன்னு அந்த நாற்காலியைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் சொல்லுவாங்க.

எப்படி ஒடையாம இருக்கும்னு கேக்குறீங்கல்ல? இங்கதான் கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா பதினேழு வருஷமா ஒவ்வொரு வீட்டுலயும் இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்.

ஒரு பொருள் கீழ விழுந்தா அதை ஒடைக்குறதே அதோட கனம்தான். கனம் ஏற ஏற தரையில மோதுற வேகத்துல அது தாங்க வேண்டிய அடியும் ஏறும். லேசான பொருளுக்கு அந்த அடியே கம்மி. இதை மாடியிலேர்ந்து போட்டுத்தான் பார்க்கணும்னு இல்லை, தினமும் டைனிங் ஹால்ல நடக்குறது இதேதான். 11 கிலோ சேரை யாரும் தூக்கி நகர்த்த மாட்டாங்க, இழுப்பாங்க. முதுகைப் பிடிச்சு இழுக்கும்போது கால் தரையில மாட்டும், மேல ஒரு பக்கம் போகும், கீழ ஒரு பக்கம் நிக்கும், அந்தச் சண்டை முழுக்க போய் உக்கார்றது காலும் சட்டமும் சேர்ற ஜாயின்ட்ல. ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு வச்சாலும் வருஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல. அதனாலதான் தடிதடியா கால் வச்ச சேரெல்லாம் ரெண்டு வருஷத்துல ஆட ஆரம்பிக்குது, நீங்க எனக்கு ஃபோன் பண்ணி "மேடம் நல்ல தேக்குதானே, ஏன் ஆடுது"ன்னு கேக்குறீங்க. மரம் நல்லாத்தான் இருக்கும், ஜாயின்ட்தான் போயிருக்கும். லேசான நாற்காலியைத் தூக்கித்தான் வைப்போம், அதுக்கு இந்த அடி விழறதே இல்லை.

தயவு செஞ்சு கடையில தூக்கிப் பார்த்து "நல்ல கனம்"னு தலையாட்டாதீங்க. கனத்தைச் சேர்க்குறது ரொம்ப ஈஸி, உள்ள எம்டிஎஃப் (மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செஞ்ச பலகை) போட்டு மேல பாலீஷ் அடிச்சா போதும். கனத்தை எடுத்துட்டு பலத்தை விடாம வச்சிருக்குறதுதான் வேலை. பொன்ட்டியோட நாற்காலியில தப்பு பண்ணவே இடம் கிடையாது, 18 மில்லிமீட்டர் கால்ல ஜாயின்ட் ஒரு நூல் தள்ளிப் போனாலும் அது நாற்காலியே இல்லை.

பெரிய கட்டடத்துலயும் அவருக்கு இதே பிடிவாதம்தான். மிலான்ல பிரெல்லி டவர், 1956ல ஆரம்பிச்சு 1960ல முடிஞ்சுது, 127 மீட்டர். ரெண்டு முனையும் கூர்மையா, கத்தியை நிக்க வச்ச மாதிரி இருக்கும். கான்கிரீட் கணக்கு பியர் லூயிஜி நெர்விங்கிற இன்ஜினியர் போட்டது, தூண் கீழ பருத்து மேல போகப்போக மெலிஞ்சுக்கிட்டே போகும், ஏன்னா மேல தாங்க வேண்டிய பாரம் கம்மி, அங்க வீணா எதுக்கு கான்கிரீட்? 2002 ஏப்ரல்ல ஒரு சின்ன விமானம் அந்தக் கட்டடத்துல மோதுச்சு. விமானியும் உள்ள வேலை பார்த்துட்டு இருந்த ரெண்டு பேரும் செத்துப்போனாங்க, அந்த ரெண்டு மாடி நாசமாச்சு, ஆனா மெலிசுன்னு சொன்ன அந்தக் கட்டடம் நின்னுச்சு. சரி பண்ணி ரெண்டு வருஷத்துல திரும்பத் திறந்தாங்க.

அந்த மனுஷன் பண்ணின மத்ததெல்லாம் சொல்லணும்னா இடம் பத்தாது. சோரென்டோ ஊர்ல கடலைப் பார்த்த ஹோட்டல், நீலமும் வெள்ளையும் மட்டுமே வச்சு விதவிதமா தரை ஓடு டிசைன் பண்ணினது. வெனிசுவேலாவுல ஒரு குடும்பத்துக்குக் கட்டின வில்லா பிளான்சார்ட், காப்பி மெஷின்கூட பண்ணியிருக்கார். மிலான் பாலிடெக்னிக்ல இருபத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்தார். எனக்கு ரொம்பப் பிடிச்சது 1970ல தாரந்தோ ஊர்ல முடிச்ச தேவாலயம். மேல கப்பல் பாய் மாதிரி ஒரு பெரிய சுவர், சுவர் முழுக்க ஓட்டை, அந்தப் பக்கம் கூரை எதுவும் கிடையாது, வெறும் வானம்தான். எழுபத்தெட்டு வயசுலயும் அந்த ஆள் சுவரோட கனத்தைத்தான் குறைச்சுக்கிட்டு இருந்தார். 1979ல, மிலான்ல தானே கட்டின வீட்டுல இறந்தார்.

லெஜ்ஜேரா பத்தி தன்னோட பத்திரிகையிலயே அவர் எழுதும்போது, இது நாற்காலி-நாற்காலி, அடைமொழி எதுவும் வேணாம்ங்கிற அர்த்தத்துல எழுதினார். நாம அதுக்கு முன்னாடி ராயல், லக்சரி, இத்தாலியன்னு எத்தனை அடைமொழி ஒட்டுறோம்.

இப்போ வீட்டுல வயசானவங்க இருக்குறவங்க கவனமா கேளுங்க. சேர் வாங்கப் போகும்போது அம்மாவையோ அப்பாவையோ கூடக் கூட்டிட்டுப் போங்க, ஆன்லைன்ல ஃபோட்டோ பார்த்து வாங்காதீங்க. அவங்களே ஒரு கையால பின்னாடி நகர்த்தி, உக்காந்து, எழுந்து காட்டட்டும். முடியலைன்னா அந்த சேர் வேணாம், எவ்வளவு டிஸ்கவுன்ட் கொடுத்தாலும் வேணாம். நாலு கிலோ, அஞ்சு கிலோவுக்குள்ள நல்ல மர நாற்காலி கண்டிப்பா கிடைக்கும், கடைக்காரர் முறைச்சாலும் பரவால்ல, எடை கேளுங்க. அப்புறம் சேரைக் கவுத்துப் போட்டு ஜாயின்ட்டைப் பாருங்க, காலைச் சட்டத்துல வெறும் ஸ்க்ரூ மட்டும் பிடிச்சிருந்தா வச்சுட்டு வந்துடுங்க, மரத்துக்குள்ள மரம் இறங்கியிருக்கணும். டேபிளுக்கு அடியில கார்பெட் போடாதீங்க, அந்த அம்மா விழுந்தது கார்பெட் ஓரத்துல சேர் கால் மாட்டினதாலதான்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், நான் சொன்னேன்னு எல்லாத்தையும் லேசா வாங்கிடாதீங்க. கையை ஊனி எழுந்திரிக்குறவங்களுக்கு ரெண்டு பக்கமும் கை வச்ச, அகலமா ஊனி நிக்குற நாற்காலிதான் வேணும், பொன்ட்டியோட சேர் அவங்களுக்கானது இல்லை. அப்படிப்பட்டவங்களுக்கு ஒரே ஒரு கனமான கை நாற்காலியை இடம் மாத்தாம ஒரே இடத்துல போட்டு வைங்க, அவங்க அதை இழுக்க வேண்டிய நிலைமை வரக்கூடாது, வீட்டுல இருக்குற யாராவது டேபிளை நகர்த்திக் கொடுங்க.

போன வாரம் அந்த வீட்டுல ரெண்டு சேரை மட்டும் மாத்திக் கொடுத்தோம், பழைய பிரம்பு சேர், பரண்ல கிடந்தது, பின்னலை மட்டும் புதுசா போட்டு வாங்கினோம். கட்டு போடாத கையால அந்த அம்மா அதைத் தூக்கி ஜன்னல் ஓரமா வச்சாங்க. ஆனா கிளம்பும்போது பார்க்குறேன், பையன் அதே பிரம்பு சேர் மேல ஏறி நின்னு ஃபேன் துடைக்கப் போறார். தம்பி, இறங்குங்கன்னு கத்திட்டேன். பிரம்புப் பின்னல் உக்கார்றவங்க பாரத்தைத் தாங்கும், குதிகால் ஒண்ணு நடுவுல ஊனினா பின்னல் பொத்துக்கிட்டு கால் உள்ள போயிடும். ஃபேன் துடைக்க ஏணி வாங்குங்க.