பெருவிரல் முட்டட்டும், குதிகால் எழும்பக் கூடாது

கொழும்பில் பனி பெய்யாது. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கனடாவிலோ நோர்வேயிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. டிசம்பர் விடுமுறைக்கு அங்கே போகும் பிள்ளைகளுக்கு, பனிச்சரிவில் நின்று சறுக்கும் பலகையான ஸ்நோபோர்ட்டை ஓட்டிப் பார்க்க ஆசை வரும். "கால் சைஸ் என்ன?" என்று அங்கிருந்து கேட்டால், "ஏழு, எதுக்கும் எட்டாய் எடுங்கோ" என்று சொல்லிவிடுகிறோம். வளரும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி. ஸ்நோபோர்ட் பூட்ஸுக்குச் சரிவராது.

காரணம், அந்தப் பூட்ஸ்தான் பலகையைத் திருப்புகிறது. இரண்டு கால்களும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டப்பட்டிருக்கும். பலகையின் எந்த விளிம்பு பனியில் அழுந்துகிறதோ, அந்தப் பக்கம் அது வளையும். விரல் பக்க விளிம்பை அழுத்த, முழங்காலை மடக்கிக் கணைக்காலைப் பூட்ஸின் நாக்கில் சாய்க்கிறோம். குதிகால் பக்கத்துக்கு, விரல்களைத் தூக்கிக் கெண்டைக்காலைப் பலகைப் பூட்டின் பின்னால் நிற்கும் தாங்கியில் அழுத்துகிறோம். பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால், விரல் பக்கம் சாயும்போது முதலில் உள்ளே குதிகால்தான் எழும்பும். அந்த இடைவெளி தீர்ந்த பிறகுதான் பலகை சாயும். சரிவில் அந்தத் தாமதமே விழுத்திவிடப் போதும்.

அப்புறம் குளிர். பெரிய பூட்ஸ் போட்டவர் கால் ஆடாமலிருக்கக் கயிற்றையும் பட்டியையும் இறுக்கோ இறுக்கென்று இறுக்குவார். புறங்காலில் இரத்த ஓட்டம் குறையும், விரல் மரத்துப்போகும். இரண்டு சோடி மேஸ் போட்டாலும் இதே கதைதான். மேஸ் மடிந்து அழுத்தும், வியர்வையும் கூடும். கம்பளி அல்லது செயற்கை இழையில் மெல்லிய ஒரு சோடி போதும். பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக் காலைக் குளிரவைக்கும்.

அளவுக்கு வருவோம். நாம் சொல்லிப் பழகிய பிரிட்டிஷ் சைஸில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர் வித்தியாசம். அதுவும் கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். பனிச்சறுக்குப் பூட்ஸில் மொண்டோபொயின்ற் என்ற அளவும் இருக்கும். அது பாதத்தின் நீளமேதான்: 26.5 என்றால் 26.5 சென்ரிமீற்றர் பாதத்துக்கு. இதையே நம்புங்கள்.

வீட்டுத் தரையில் ஒரு தாளை விரித்து, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, உடம்பின் பாரம் அந்தக் காலில் இறங்க நில்லுங்கள். நீளமான விரல் முடியும் இடத்தில் கோடு போட்டு அடிமட்டத்தால் அளவுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அதைக் கவனியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள். காலி வீதி வெயிலில் நடந்து வந்த கையோடு அளக்க வேண்டாம், சூட்டில் கால் வீங்கியிருக்கும்.

போட்டுப் பார்க்கும்போது குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, உள்ளுறையை முதலில் இறுக்குங்கள், பிறகு வெளிக்கூட்டை. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தில் மெல்ல முட்டும். பயந்து கழற்றிவிடாதீர்கள். முழங்காலை மடக்கியதும் பாதம் பின்னுக்குப் போய் விரல்கள் விடுபடும், பலகையில் நிற்பதும் அப்படித்தான். மடக்கிய பிறகும் விரல் சுருண்டிருந்தால் மட்டும் சிறியது. இருபது நிமிடமாவது போட்டுக்கொண்டு நடவுங்கள்.

உள்ளுறை நுரையால் ஆனது, ஓட்ட ஓட்ட அமுங்கி இடம் விடும். அதனால் கடையில் "அப்பா, வசதியாய் இருக்கு" என்று தோன்றுவது சில நாட்களில் தொளதொளத்துவிடும். பல உள்ளுறைகளைக் கடையில் சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு அமைத்துத் தருவார்கள். வெறுங்காலோடு நடந்து முன்பாதம் அகன்றவர்களுக்கு அது பெரிய உதவி. அதுவும் போதாவிட்டால் அகலக் கால்களுக்கென்று வரும் பூட்ஸைக் கேளுங்கள். அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினால் குதிகால் மறுபடி எழும்பும்.

முதல் தடவை போகிறவர் வாங்கவே தேவையில்லை, வாடகைக்கு எடுக்கலாம். அங்கேயும் சென்ரிமீற்றர் கணக்கையே சொல்லுங்கள். பலர் போட்டு நுரை அமுங்கியிருந்தால், அரை சென்ரிமீற்றர் சிறியதையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.