களியக்காவிளை தாண்டி டீசல் அடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு

சென்ற வாரம் என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட காரையும் சேர்த்தால், டீசல் தீர்ந்து நின்றுபோய் வந்தவை இந்த மாதத்தில் மட்டும் மூன்று. மூன்றுமே திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய வண்டிகள். கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பது குமரி மாவட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதனால் டீசல் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும், நெய்யாற்றின்கரையில் ஒரு பங்க்கையும் பாறசாலையில் இன்னொரு பங்க்கையும் பார்த்துக்கொண்டே, எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி அடித்துக்கொள்ளலாம் என்று ஓட்டி வருகிறார்கள். நாற்பது லிட்டர் நிரப்பினாலும் இதில் மிச்சமாவது ஓரிரு நூறு ரூபாய்தான். அதற்காக அவர்கள் பணயம் வைக்கும் டீசல் பம்ப்பும், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் என்ன விலை என்பதைப் பில் போடும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

கடைசியாக வந்த வண்டியின் கதையைச் சொல்கிறேன். நள்ளிரவில் எல்லைக்குச் சற்று முன்னால் வண்டி நின்றிருக்கிறது. யாரோ பைக்கில் போய் இரண்டு லிட்டர் டீசல் வாங்கி வந்து ஊற்றியிருக்கிறார்கள். பிறகு செல்ஃப் அடித்திருக்கிறார்கள், பிடிக்கவில்லை. மறுபடியும் அடித்து, பேட்டரி இறங்கும்வரை அடித்து, அதன் பிறகு வழியில் வந்த ஒரு லாரியை நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து வயர் கொடுக்கக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டுநர் விவரமானவர், மறுத்துவிட்டார். லாரியில் இருப்பது 24 வோல்ட், காரில் இருப்பது 12 வோல்ட். அவர் மட்டும் சரி என்றிருந்தால் காரின் கணினியும் சேர்ந்து போயிருக்கும். காலையில் வண்டியோடு வந்த தம்பி என்னிடம் சொன்னது இதுதான்: “அண்ணே, டீசல் தீந்துதான் நின்னுது. ஊத்தியாச்சு. பின்ன என்னத்துக்கு ஸ்டார்ட் ஆவல்ல?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றிவிட்டு இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். டீசல் வண்டி அப்படிப்பட்டதல்ல. டாங்க் காலியாகும்போது குழாய்க்குள் டீசல் இருந்த இடமெல்லாம் காற்று ஏறிக்கொள்கிறது. டீசலை அழுத்தினால் அது சுருங்காமல் அழுத்தத்தை அப்படியே முன்னால் கடத்தும். காற்றோ பஞ்சுபோல் சுருங்கிக் கொடுக்கும். பம்ப் எவ்வளவு சுற்றினாலும் காற்றைச் சுருக்கிச் சுருக்கி விடுமே தவிர, இன்ஜெக்டர் வரை அழுத்தம் போய்ச் சேராது. இன்றைய டீசல் கார்களில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ரெயில் என்ற ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு நிற்கும்; காமன் ரெயில் என்பது அதுதான். அந்த வண்டிகளில் ரெயிலுக்குள் ஏறத்தாழ இருநூறு பார் அழுத்தம் சேர்ந்த பிறகுதான் கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்கும். ஓடும்போது அது 1,600 பாருக்கும் மேல் போகும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பாரும் சொச்சமும்தான் என்பதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே, புது டீசல் ஊற்றினோம், இனி செல்ஃப் அடிக்க அடிக்க அது தானாக மேலே ஏறி வந்துவிடும் என்பது தவறு. இதைத்தான் நான் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், ஒவ்வொருவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்த முறையும் அதையே செய்கிறார்கள்.

ஸ்டார்ட் ஆகாமல் போவதோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் இன்றைய ஹை பிரஷர் பம்ப்பினுள் உரசும் பாகங்களுக்கு மசகாக இருப்பது அதன் வழியே ஓடும் டீசலேதான். அதற்கென்று தனி ஆயில் கிடையாது. டீசல் இல்லாமல் செல்ஃப் அடித்துச் சுழற்றும் ஒவ்வொரு விநாடியும் இரும்போடு இரும்பு உரசுகிறது. அப்படி உதிரும் பொடி நேரே ரெயிலுக்குள் போய், அங்கிருந்து இன்ஜெக்டருக்குள் போகிறது. இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே; தலைமுடி ஒன்றின் தடிமனோடு வைத்துப் பார்த்தால் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தத் தம்பியின் வண்டியில் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்த டீசலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, வாசல் வெயிலில் பிடித்துக் காட்டினேன். மீன் செதிலைப் பொடித்துத் தூவியதுபோல் வெள்ளிப் பொடி மினுங்கிக்கொண்டு மெல்ல அடியில் இறங்கியது. பம்ப்பிலிருந்து ரெயிலைச் சுற்றித் திரும்பிவரும் டீசலோடு வந்து சேர்ந்த பொடி அது. அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

“அப்பா காலத்து அம்பாசிடரில் தீர்ந்தால் கையால் நாலு பம்ப் அடித்து ஏர் எடுத்துவிட்டுப் போவோமே” என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. உண்மைதான், நானே சிறு வயதில் அப்படி எத்தனையோ வண்டிக்கு ஏர் எடுத்திருக்கிறேன், அதாவது குழாய்க்குள் ஏறிய காற்றை வெளியேற்றியிருக்கிறேன். அந்தக் காலத்து இன்லைன் பம்ப் பலவற்றுக்கு என்ஜின் ஆயிலே மசகாகப் போனது, அழுத்தமும் இன்றைய அளவில் சிறு பங்குதான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு காமன் ரெயில் வண்டியில் செல்ஃப் அடித்தபடியே இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்துகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் செய்தாலும் தடுத்துவிடுங்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்ததுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையே என்று வீட்டுக்குப் போகாமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

டீசல் குறைந்தால் டாங்க்கின் அடியில் கிடக்கும் கசடை உறிஞ்சிவிடும் என்ற பயத்தையும் பலர் சொல்கிறார்கள். முழு டாங்க் இருந்தாலும் டீசலை அடியிலிருந்துதான் எடுக்கிறது, ஆகவே அதற்காக மட்டும் பதற வேண்டாம். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், பாதிக்கும் குறைவான டீசலோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்க்கிற்குள் ஈரம் வியர்த்து நீராகச் சேரும். சர்வீஸின்போது ஃபில்டரிலுள்ள நீரை வடித்துவிடச் சொல்லுங்கள்.

இனி, வண்டி நிற்கப்போகிறது என்றாலோ நின்றேவிட்டாலோ செய்ய வேண்டியது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் காட்டும் எண், நீங்கள் அதுவரை ஓட்டியதை வைத்துப் போட்ட கணக்கு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும்போது அது கண்முன்னே சரியும், அதை நம்பாதீர்கள். வண்டி இழுவையில்லாமல் திக்கத் தொடங்கினால் உடனே இடப்புறம் ஒதுக்குங்கள். என்ஜின் நின்றபின் ஸ்டியரிங் கனக்கும். பிரேக் இரண்டொரு முறைதான் வழக்கம்போல் பிடிக்கும், அப்புறம் கல்லை மிதிப்பதுபோல் இருக்கும். ஒதுங்க இடம் குறைவான மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இது நடந்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. செல்ஃபைத் தொடாதீர்கள். சுத்தமான கேனில் ஐந்து லிட்டராவது ஊற்றுங்கள். சரிவில் நிற்கும் வண்டிக்கு இரண்டு லிட்டர் உறிஞ்சுகுழாயைக்கூட எட்டாது. மண்ணெண்ணெய் கலந்தது வேண்டவே வேண்டாம், அதில் மசகு குறைவு. ஃபில்டர் பக்கத்தில் கைபம்ப்போ ரப்பர் பல்போ இருந்தால், கெட்டிப்படும்வரை அழுத்துங்கள். டாங்க்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டியானால், சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி அரை நிமிடம் வைத்து அணையுங்கள். இப்படி ஐந்தாறு முறை செய்யுங்கள். அதன் பிறகே செல்ஃப், அதுவும் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். மூன்று முறையில் பிடிக்கவில்லையென்றால் சாவியை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிடித்துவிட்டால், மிதிக்காமல் சில நிமிடம் அப்படியே ஓடவிடுங்கள்.

கூப்பிடும்போது ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். எத்தனை முறை செல்ஃப் அடித்தீர்கள், என்ன ஊற்றினீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். “ரெண்டு தடவதான் அண்ணே அடிச்சேன்” என்று சொல்லி வந்த வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொட முடியாத சூட்டில் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் முதலில் ஃபில்டரைத் திறந்து பொடி இருக்கிறதா என்று பார்ப்பேன், பொடி இல்லையென்றால் ஏர் எடுத்து அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவேன்.